இளநரைக்கு அம்மாவா பொறுப்பு?

இளநரை கண்ட பெண்ணின் அம்மாவுக்கு ஊரில் எல்லோருமே வைத்தியர்கள்தான்! "தலைக்கு எண்ணெயே வைக்கிறதில்லையா?" என்பார் ஒருவர். "கறிவேப்பிலையை ஒதுக்கிவெச்சா நரைக்காம என்ன பண்ணும்?" என்பார் இன்னொருவர். என் மகளுக்கு இருபது வயதில் காதோரம் நரைத்தபோது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். ஆனால் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், "உடம்புல ஏதாவது கோளாறு இருக்குமோ?" என்று தரகரிடம் கேட்டனுப்பியதும் அவள் வெளியே போவதையே நிறுத்திவிட்டாள். மறுநாளே தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

அவர் விளக்கியதைச் சொல்கிறேன். முடியின் வேரில் உள்ள சில உயிரணுக்கள் 'மெலனின்' என்ற நிறப்பொருளைத் தயாரிக்கின்றன. அதில் இரண்டு வகை. கறுப்பும் பழுப்பும் தருவது ஒன்று. செம்மை தருவது மற்றொன்று. முதல் வகை நம்மவர்களுக்கு ஏராளம், அதனால்தான் கருங்கூந்தல். ஸ்காட்லாந்து, அயர்லாந்துக்காரர்களில் பலருக்கு இரண்டாவது வகை அதிகம், செம்முடி. சாலமன் தீவுகளில் கறுத்த மேனியும் பொன்னிற முடியுமாகக் குழந்தைகள் ஓடியாடுகிறார்கள். வெள்ளையர் கலப்பு அல்ல. அவர்களுக்கே உரிய ஒரு மரபணு மாற்றம்தான் காரணம் என்று 2012-ல் கண்டுபிடித்தார்கள்.

வயது ஏற ஏற நிறம் தரும் உயிரணுக்கள் குறைந்துபோகின்றன. நிறமில்லாமல் வளரும் முடிதான் நரை. அது தொடங்கும் வயதும் வம்சத்தைப் பொறுத்ததே. வெள்ளையருக்கு 20, ஆசியருக்கு 25, ஆப்பிரிக்கருக்கு 30 வயதுக்கு முன் நரைத்தால் இளநரை என்பது டாக்டர்களின் கணக்கு. எண்ணெய் முடியை மிருதுவாக்கும். வேருக்குள் போய் நிறம் தயாரிக்காது.

ஆனாலும் சோதனை அவசியம் என்றார் டாக்டர். தைராய்டு கோளாறும் பி12 வைட்டமின் குறைவும் இளநரை தரலாம். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்குப் பாலும் தயிரும்தான் பி12 தருபவை. கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: குழந்தையின் கறுத்த முடி செம்பட்டையாக வெளுத்து, எடையும் ஏறாமல், கால் வீங்கினால் அது புரதக் குறைவாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

என் மகளுக்கு ரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. என் அப்பாவுக்கும் கல்யாணப் போட்டோவிலேயே பாதித் தலை வெள்ளை! தாத்தா கொடுத்த சீதனம் என்று தெரிந்ததும் அவள் முகம் தெளிந்தது. பிறகு வந்த வரன்களிடம் நாங்களே முதலில் சொல்லிவிட்டோம்.

சாயம் பூசுவது அவரவர் விருப்பம். பூசுவதானால் முழங்கை மடிப்பில் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்தச் சாயம் வேண்டவே வேண்டாம். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு நரை கண்டால், அவள் அம்மாவிடம் எண்ணெய்க் கணக்குக் கேட்காமல், "பி12 பார்த்தீங்களா?" என்று மட்டும் கேளுங்கள்.