மயிலையும் யாழ்ப்பாணமும்

மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தண்டை மோட்டார் ஏறிய நாம், நெரிசலில் ஊர்ந்து மீனம்பாக்கம் சேர ஒரு மணியாயிற்று. அங்கிருந்து ஆகாய மார்க்கமாக யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு ஒன்றேகால் மணிதான்! நேர்தூரம் சுமார் 355 கிலோமீட்டர். மதுரைகூட இதைவிடத் தொலைவு.

1947 டிசம்பரிலேயே ஏர் சிலோன் விமானம் யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு வந்தது. பிற்பாடு அச்சேவை நின்றது. யுத்தம் அவ்வழியை அடைத்தே வைத்தது. 2019 நவம்பரில் அது மீண்டும் திறக்கும் வரையில், கொழும்புக்குப் பறந்து, பிறகு சுமார் 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பவேண்டும்.

பக்கத்து ஆசனத்தில் யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர். மடியில், தியாகராய நகரில் பேத்திக்காக வாங்கிய கூறைச் சேலை.

"கொழும்பைச் சுத்தி வாறதெண்டால் இந்த முழங்காலோடை வந்திருப்பனோ, தம்பி?" என்றார்.

தூரத்தின் கணக்கு நமக்கு அப்போதுதான் விளங்கிற்று.