போனின் விலையை எத்தனை ஆண்டுகளால் வகுப்பது?

கல்லூரி திறக்கும் மாதங்களில் எங்களிடம் அதிகம் வருவது அரசியல் கேள்வி அல்ல. "அண்ணா, எந்தப் போன் வாங்கலாம்?", "அக்கா, டேப்லெட் போதுமா?" என்பதுதான். இதைச் சின்னக் கேள்வி என்று நாங்கள் ஒதுக்குவதில்லை. நம் வீடுகளில் போன்தான் நூலகம், வகுப்பறை, கேமரா, வங்கி எல்லாம். அதற்குப் போகும் பணம் அம்மாவின் சீட்டுப் பணமாக இருக்கும், அல்லது இரண்டு வருட மாதத் தவணையாக இருக்கும். 'உங்களுக்கெல்லாம் எதற்கு இவ்வளவு விலையில் போன்?' என்று கேட்பவர்களுக்கு நாம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு நாமே கணக்குப் பார்த்தாக வேண்டும்.

2024 ஜனவரியில் வந்த இரண்டு போன்களை எடுத்துக்கொள்வோம். சாம்சங் எஸ்24 அல்ட்ராவின் அறிமுக விலை 1,29,999 ரூபாய். ஒன்பிளஸ் 12-இன் விலை 64,999, அதாவது சரிபாதி. இரண்டிலும் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3 சிப், 12 ஜிபி ரேம், 256 ஜிபி ஸ்டோரேஜ். பேட்டரியில் விலை குறைந்த போனே பெரிது: 5,400 எம்ஏஎச்; அல்ட்ராவில் 5,000. அப்படியானால் கூடுதல் 65,000 ரூபாய் எங்கே போகிறது? டைட்டானியம் சட்டம், 200 மெகாபிக்சல் கேமரா, எஸ் பென், ஏழு ஆண்டு அப்டேட். முதல் மூன்றும் அவரவர் தேவையைப் பொறுத்தவை. நான்காவது எல்லோருக்கும் வேண்டியது. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் வங்கிக் கணக்கையும் தோழர்களின் தொடர்பு எண்களையும் வைத்திருப்பது ஆபத்து.

அதனால்தான் நாங்கள் விலையை ஆண்டால் வகுக்கச் சொல்கிறோம். ஒன்பிளஸ் 12-க்குப் பாதுகாப்பு அப்டேட் ஐந்து ஆண்டு: ஆண்டுக்குச் சுமார் 13,000. அல்ட்ராவுக்கு ஏழு ஆண்டு: சுமார் 18,600. 256 ஜிபி உள்ள சாதாரண எஸ்24-இன் அறிமுக விலை 79,999. அதற்கும் அதே ஏழு ஆண்டு. ஆண்டுக்குச் சுமார் 11,400தான். அதிலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஸ்னாப்டிராகனுடன் விற்ற அதே எஸ்24, இந்தியாவில் எக்ஸினோஸ் 2400 சிப்புடன் வந்தது. யூடியூபில் வெளிநாட்டு விமர்சனம் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் கையில் கிடைப்பது வேறு போன்.

ஏழு ஆண்டு என்பது மென்பொருளுக்குத்தான். தினமும் சார்ஜ் போடும் பேட்டரி மூன்று நான்கு ஆண்டில் தளர்ந்துவிடும். ஒரு பேட்டரி மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள். 2021-இல் எஸ்21 வந்ததிலிருந்து எஸ் வரிசையில் மெமரி கார்டுக்கு இடம் இல்லை. கூட்டங்களைப் பதிவு செய்யும் எங்களுக்குத் தெரியும், ஒரு மணி நேர 4கே வீடியோ சுமார் 20 ஜிபியைத் தின்றுவிடும். 128 ஜிபியில் மிச்சம் பிடிப்பது மிச்சமே அல்ல.

டேப்லெட்டுக்கு வருவோம். சாம்சங் டேப் எஸ்9 அறிமுக விலை 72,999. எஸ்9 எஃப்இ 36,999. முன்னதில் வேகமான சிப், ஓஎல்இடி திரை. ஆனால் எஸ் பென், மெமரி கார்டு இடம், தண்ணீர் புகாத உடல் ஆகியவை இரண்டிலும் உண்டு. 37,999-க்கு வந்த ஒன்பிளஸ் பேடில் சிப் வலுவானது, திரையும் பெரியது. பேனாவைத் தனியாக வாங்க வேண்டும், மெமரி கார்டு போட முடியாது. படிப்புக்கு நாங்கள் எஃப்இ பக்கம் நிற்கிறோம். ஸ்கேன் செய்த பழைய நூலைப் போனில் படித்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டும். பத்தாம் பக்கத்தில் மனம் விட்டுப்போகும். டேப்லெட்டில் முழுப் பக்கமும் கண்ணுக்கு எதிரே நிற்கும், ஓரத்தில் குறிப்பும் எழுதலாம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். எஸ்24-உம் எஸ்9 எஃப்இ-உம் சேர்ந்து 1,16,998. ஒற்றை அல்ட்ராவைவிட 13,001 ரூபாய் குறைவு.

இதுவும் கைக்கு எட்டாதவர்களே நம்மில் அதிகம். அவர்களுக்கு முந்தைய ஆண்டின் ஃபிளாக்‌ஷிப் நல்ல வழி. 2023 பிப்ரவரியில் 74,999-க்கு வந்த எஸ்23, பின்னர் தள்ளுபடி விற்பனைகளில் 50,000-க்குக் கீழே இறங்கியது. இந்தியாவிலும் அதில் ஸ்னாப்டிராகன்தான். ஆனால் அதன் ஐந்து ஆண்டு அப்டேட் போன் வெளிவந்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல.

பழைய போன் வாங்கினால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணை எடுத்து, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள். அது திருட்டுப் போனாக இருந்தால் காவல் நிலையத்தில் போய் நிற்கப்போவது விற்றவன் அல்ல, நம் வீட்டுப் பிள்ளை.

கடைக்காரர் முதலில் கேட்பது "பட்ஜெட் எவ்வளவு?" என்று. நாம் திருப்பிக் கேட்க வேண்டியது: "எத்தனை ஆண்டுக்கு அப்டேட்? பேட்டரி மாற்ற எவ்வளவு?" பதில் வந்த பிறகு தவணைத் தாளில் கையெழுத்துப் போடலாம்.