நோயின் பெயர்

மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார் என்பதை வகுப்பில் நான் அடிக்கடி கூறுவதுண்டு. அதனைக் கேட்டிருந்த மாணவருள் ஒருவன் இன்று மருத்துவபீடத்தில் நான்காம் ஆண்டு பயில்கின்றான். தோல்நோய்ப் பிரிவிற் பயிற்சி பெற்ற நாள்களில், சொறி, சிரங்கு, கரப்பன், தேமல், படர்தாமரை என்று நோயாளர் வாயிற் பிறந்த பெயர்களையெல்லாம் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தான். (நோயாளரின் சொல்லை அறியாத மருத்துவர் பாதி மருத்துவரே என்பது என் எண்ணம்.)

ஒருநாள் தாயொருத்தி தன் இளைய மகளை அங்கு அழைத்து வந்தாள். பெண்ணின் கைகளிலும் உதட்டோரத்திலும் பால்போன்ற வெண்மை படர்ந்திருந்தது. அவளைக் கண்மூடச் செய்து, பஞ்சு நுனியால் அவ்விடங்களைத் தொட்டான். தொட்ட இடத்தையெல்லாம் அவள் தவறாது சுட்டினாள். தொழுநோய்த் தழும்பிலோ பெரும்பாலும் உணர்ச்சி குன்றியிருக்கும். மூத்த மருத்துவரும் பார்த்து, அந்நோயன்று என உறுதி செய்தார். தோலுக்கு நிறந்தரும் கலங்களை உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே அழித்துவிடுவதால் வரும் வெண்மை இது. உலகில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம் உண்டு, தொற்றாது.

இதனை விளக்க முற்பட்டவன், ஊர் வழங்கும் பெயரையே சொன்னான்: "இது வெண்குட்டம், அம்மா." பெயரின் பிற்பாதி மாத்திரமே தாயின் செவியில் விழுந்தது போலும். மகளின் கைகளைத் தன் சேலைத் தலைப்பால் மூடினாள். "தம்பி, மெல்லக் கதையுங்கோ. மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறம்."

அவ்வச்சத்துக்கு நீண்ட வரலாறுண்டு. ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் அமைத்த தொழுநோயர் இல்லமும் மட்டக்களப்பு வாவியின் மாந்தீவும் அதற்குச் சான்று. ஆயின், 1873இல் நோர்வே நாட்டு மருத்துவர் ஹன்சன் கண்டறிந்த தொழுநோய்க் கிருமிக்கும் இவ்வெண்மைக்கும் யாதோர் உறவுமில்லை. தொழுநோய்தானும், 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டுமருந்தினால், ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ குணமாவது. அந்நோயாளரை ஒதுக்கவும் இன்று நியாயமில்லை.

வேறு சொல் உண்டோவென்று மாணவன் எனக்கு எழுதிக் கேட்டான். தமிழகத்திற் சிலர் வழங்கும் 'வெண்புள்ளி' என்பதை எழுதியனுப்பினேன். புதிதாக்க வேண்டிய தேவையில்லை. எளிய சொல், கண்ணாற் கண்டதையன்றி வேறெதையும் கூறாத சொல்.

அடுத்த மாதம் தாயும் மகளும் மீண்டும் வந்தபோது அப்பெயரையே சொன்னானாம். தாய் அதனை இருமுறை சொல்லிப் பார்த்தாள். பின்பு, "தம்பி, இதையே துண்டிலும் எழுதித் தாங்கோ" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டாற் காட்டுவதற்காம்.