தாயின் திதி

இறந்த தந்தையை ஆடி அமாவாசையிலும் இறந்த தாயைச் சித்திரைப் பூரணையிலும் நினைந்து விரதமிருத்தல் ஈழத்துச் சைவரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். வீடுதோறும் செய்யப்படும் ஆண்டுத் திவசத்துக்கு மாதமும் பட்சமும் திதியும் வேண்டும். சித்திரைப் பூரணைக்கோ இவை எவையும் வேண்டா. தாயை இழந்தவர் என்பதொன்றே போதும். இவ்வேறுபாடு முன்னாளில் எவருக்கும் பெரிதாகத் தோன்றியிருக்க முடியாது. வன்னியிலே 2009க்குப் பின்னர் அது பெரிதாயிற்று.

கிளிநொச்சிப் பகுதியின் குடியேற்றக் கிராமமொன்றில் வாழ்ந்த ஓர் ஆச்சியை இங்கு எண்ணிப் பார்க்கலாம். குடாநாட்டின் சனநெருக்கமும் வேலையின்மையும் காரணமாக 1936இல் கிளிநொச்சியிற் குடியேற்றம் தொடங்கிய காலத்தை ஒட்டி, பெற்றோருடன் கைக்குழந்தையாக அங்கு வந்தவர் அவர். காடு வெட்டிய கதையைத் தாயிடம் கேட்டுப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார். அரிவு வெட்டுக்கு ஆள் சேர்ப்பதும், நெல் அவிக்க விடியுமுன் நெருப்பு மூட்டுவதும் அவர் பொறுப்பாகவே இருந்தன. எழுதத் தெரியாதவர், ஆயினும் கொட்டப்பெட்டியிலிருந்து எவருக்கு எவ்வளவு கைமாற்றாகப் போயிற்று என்பதை ஒருநாளும் மறந்தவரல்லர். பாலைப்பழக் காலத்திற் பேரப்பிள்ளைகளின் உதடுகள் ஒட்டிக்கொண்டால் தேங்காயெண்ணெய் தடவி விடுவிப்பார்; தடவும்போதே ஏசுவார்.

அந்தியேட்டியன்று வழங்கப்படும் ‘கல்வெட்டு’ எனும் நினைவுநூல்கள் இத்தகையோரைப் பொறுமையின் வடிவமாக்கிவிடுவதுண்டு. வம்சாவளியும் திருமுறையும் புலம்பற் பாக்களும் கொண்ட அந்நூல்களிற் பலவற்றைப் படித்தால், எல்லாத் தாய்மாரும் ஒரே தாயோ என்ற ஐயம் எழும். இந்த ஆச்சி பொறுமைசாலி அல்லர். வரம்பை அரை முழம் தள்ளி வெட்டிய அயலவரோடு மூன்று ஆண்டுகள் பேசாதிருந்தார். அந்த அயலவரின் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வருந்தியபோது முதலில் ஓடிச்சென்றவரும் அவரே. இதைக் கூறும் கல்வெட்டு அவருக்கு அமையவில்லை. கல்வெட்டின் இன்றியமையா உறுப்பான திதி வெண்பாவைப் பாடுதற்கே வழியில்லாது போயிற்று.

2009 சனவரி தொடக்கத்திற் கிளிநொச்சி நகர் வீழ்ந்தது. விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன் எனக் கிழக்கே நகர்ந்த சனத்தோடு ஆச்சியும் நகர்ந்து முள்ளிவாய்க்காலை அடைந்தார். அங்கே எறிகணை வீச்சில் இறந்தார். பதுங்குகுழியே புதைகுழியாயிற்று. மண்ணை மூடிய கையோடு குடும்பம் அவ்விடம்விட்டு அகன்றது. அடையாள அட்டையிலிருந்த சிறிய படமும் அவரோடு போயிற்று. மாதம் சித்திரை என்பது தெரியும். கிழமை வெள்ளி என்பார் மகள். ஞாயிறு என்பார் மகன். அவ்வாண்டிற் சித்திரைப் பூரணை மே 8, 9ஆம் திகதிகளை ஒட்டி வந்தது. இறப்பு அதற்கு முன்னோ பின்னோ என்பதும் துணியப்படவில்லையாதலால் பட்சமும் இல்லை.

போரிற் காணாமற்போய் இறந்தவரெனக் கருதப்படுவோரின் இறப்பைப் பதிவதற்கு 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் வழிவகுத்தது. ஆச்சிக்கும் ஒரு பத்திரம் கிடைத்தது. அதிற் குறித்த திகதி காணி அலுவலுக்கு உதவிற்று. அதனைப் பஞ்சாங்கத்தில் வைத்துத் திதி காண்பதற்கு மகளின் மனம் ஒப்பவில்லை. பொய்த் திதியில் இட்ட பிண்டம் யாருக்குப் போகும் என்று அவர் கேட்டாராம். கந்தோருக்குப் போதுமானது தாய்க்குப் போதாது என்ற இந்நிலைப்பாட்டைப் பிடிவாதம் எனத் தள்ளிவிடுதல் எளிதன்று.

எனவே அவர் சித்திரைப் பூரணையையே தாயின் நாளாகக் கொண்டார். அன்று கோயில்களிலே சித்திரபுத்திரனார் கதை படிக்கப்படும். சித்திரைக் கஞ்சி வார்க்கப்படும். எல்லா உயிர்களின் கணக்கையும் எழுதும் சித்திரபுத்திரனாரிடம் அந்தத் திகதி இருக்கத்தான் வேண்டும்! ஆச்சி காய்ச்சிய சித்திரைக் கஞ்சியிலே தேங்காய்ப்பால் தாராளமாக இருக்கும். முள்ளிவாய்க்காலில் அவர் கடைசியாகக் குடித்தது அரிசியும் உப்பும் நீருமான கஞ்சி. அக்கஞ்சியே இன்று மே மாதந்தோறும் வடக்கு கிழக்கெங்கும் நினைவாக வழங்கப்படுகின்றது. 2024இற் சம்பூரில் அதனை வழங்கியமைக்காகப் பெண்கள் உட்படச் சிலர் கைதுசெய்யப்பட்டதும் உண்டு.

தாய்க்குப் பிடித்தபடி பால் விடவேண்டும் என்பது மகனின் வாதம். மகளோ பால் விடுமுன் ஒரு கோப்பை முகந்து தனியே வைத்துவிடுகிறார். செட்டிகுளம் முகாமிற் பிறந்து ஆச்சியைக் காணாது வளர்ந்த பேத்தி இரண்டையும் குடிக்கிறாள். பால் விடாததற்கு உப்புக் கூட என்கிறாள்.