வாப்பாவுக்கும் சேர்த்து ஒரு சட்டி பொப்கோர்ன்



போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து பொப்கோர்ன் சாப்பிட்டுப் போன சொந்தக்காரர்கள் இரண்டு மூன்று பேர், "இனிப்பாகவும் இருந்தது, சீனி குறைவு என்றும் சொன்னீர்கள், எப்படிச் செய்வது?" என்று மெசேஜ் போட்டிருந்தார்கள். தனித்தனியாக எழுதுவதை விட இங்கேயே எழுதிவிடலாம் என்று நினைத்தோம். செய்முறை நாலைந்து வரிதான். ஆனால் அது எங்கள் வீட்டுக்குள் வந்த காரணத்தையும் சொல்ல வேண்டும். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். வீட்டில் எங்களோடு இரண்டு பிள்ளைகள், உம்மா, வாப்பா. எங்களில் ஒருவருக்கு வாப்பா, மற்றவருக்கு மாமா. வாப்பாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சுகர். மாதாமாதம் கிளினிக், காலையும் இரவும் குளிசை. பிளேன்டீக்குச் சீனி போடுவதை நிறுத்தி எத்தனையோ வருடமாகிவிட்டது.

மஃரிபுக்குப் பிறகு பிள்ளைகள் ஓதி முடித்தால் நேராக விறாந்தைக்குத்தான் ஓடுவார்கள். வாப்பா சாய்மனைக் கதிரையில் இருப்பார். அந்தக் காலத்தில் சேனை வெட்டியது, யானை வந்தது, வெள்ளத்தில் மாட்டைத் தேடிப் போனது என்று இஷா வரைக்கும் கதை ஓடும். பிள்ளைகளின் கையில் கடையில் வாங்கிய கலர் பொப்கோர்ன் பக்கெட் இருக்கும். றோஸ் கலர், மஞ்சள் கலர், தொட்டால் விரல் ஒட்டும்.

ஒருநாள் கிளினிக்கில் வாப்பாவின் சுகர் கூடியிருப்பதாகச் சொல்லிக் குளிசையையும் கூட்டிவிட்டார்கள். அன்று பின்னேரம் நாங்கள் விறாந்தைக்கு வந்தபோது, சின்னவளின் பக்கெட்டுக்குள் வாப்பாவின் கை இருந்தது.

எங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு முன்னாலேயே ஏசிவிட்டோம். "நீங்க என்ன சின்னப் பிள்ளையா? இனிக் காலில ஒரு புண் வந்தா ஆர் பாக்கிற?" என்று கேட்டோம். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்ததைத் திரும்பப் பக்கெட்டுக்குள் போட்டார். கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினார். அறைக்குள் போய்விட்டார்.

அடுத்த நாளும் விறாந்தைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒரு கிழமை போனது. மஃரிப் தொழுதுவிட்டு வந்து அறையில் றேடியோவைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். "மூத்தாப்பா ஏன் கதை சொல்ல வாறல்ல?" என்று சின்னவள் கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை.

ஒரு பிள்ளையைத் திருத்தும்போது மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் வைத்து அவமானப்படுத்தக் கூடாது என்று கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். பரீட்சையில் அதை எழுதிப் புள்ளியும் எடுத்தோம். வகுப்பில் ஓரளவுக்குக் கடைப்பிடித்தும் வருகிறோம். எழுபதை நெருங்கிய வாப்பாவிடம் அது எங்களுக்கு ஞாபகம் வரவில்லை.

உம்மாதான் கடைசியில் வாயைத் திறந்தார். "அவருக்கு ஆகாது என்டா ஊட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. கொண்டு வந்து கண்ணுக்கு முன்னால வெச்சிட்டு அவரைக் காவல் காக்காதீங்க" என்றார்.

அன்றுதான் அந்தப் பக்கெட்டை முதன்முதலாகத் திருப்பிப் பார்த்தோம். குளிர்பானப் போத்தல்களில் 2016 முதல் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி இருக்கிறது. சிவப்பைக் கண்டால் வைத்துவிட்டு வரப் பழகியிருந்தோம். ஆனால் பொரிதானே என்று பொப்கோர்ன் பக்கெட்டை நாங்கள் கவனித்ததே இல்லை. பொருட்களின் பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ அதுதான் நிறையில் கூடியது. சோளத்துக்கு அடுத்து இருந்தது சீனி. பிறகு எண்ணெய், பிறகு குளுக்கோஸ் பாகு, பிறகு நிறங்கள். வாப்பாவுக்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும் அது நல்லதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. வாப்பாவை ஏசிய நாங்கள்தான் அதைக் காசு கொடுத்து வாங்கி வந்தவர்கள்.

இனி இந்தப் பக்கெட் வீட்டுக்குள் வராது என்று முடிவெடுத்தோம். பிள்ளைகள் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். சரி, வீட்டிலேயே செய்வோம் என்றோம்.

முதல் முயற்சியில் சோளனோடு சேர்த்தே சீனியையும் சட்டியில் கொட்டினோம். சீனி கருகி, சட்டி கரியாகி, தும்பும் சாம்பலும் போட்டு உம்மா ஒரு மணித்தியாலம் தேய்த்தார். சோளன் பொரிகிற சூடும் சீனி கருகத் தொடங்குகிற சூடும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

இரண்டாம் முறை பொரித்தெடுத்துக் கித்துள் பாணியை ஊற்றினோம். பொரி எல்லாம் இளகித் துணி மாதிரி ஆகிவிட்டது. பாணி சுகர்காரருக்கு நல்லது, கருப்பட்டி நல்லது என்று எங்கள் ஊரில் ஒரு கதை இருக்கிறது. அதை நம்பாதீர்கள். மணமும் ருசியும் வேறு, உடம்புக்குள் போனால் அதுவும் சீனிதான்.

மூன்றாம் முறை மூத்தவனின் வேலை. மகியங்கனைப் பக்கம் போனால் வீதியோரத்தில் அவித்து விற்பார்களே, அந்தச் சோளனைக் காயவைத்தது கொஞ்சம் வீட்டில் கிடந்தது. அதைச் சட்டியில் போட்டு மூடிவிட்டான். ஒன்றுகூட வெடிக்கவில்லை. புகை மட்டும் வீடு முழுக்கப் பரவியது.

அந்த மணத்துக்குத்தான் அறைக் கதவு திறந்தது. வாப்பா குசினி வாசலில் வந்து நின்றார். சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது பொரியாது மகன். இது வேற சாதிச் சோளன்" என்றார்.

பத்து நாளுக்குப் பிறகு அவர் எங்களோடு கதைத்த கதை அதுதான்.

சேனையில் சோளன் போட்டவர் சொன்னது சரி. பொரிக்கிற சோளன் தனி இனம். மணி சின்னது, தோல் கடினமானது, இறுக்கமானது. நல்ல மணிக்குள் ஏறத்தாழ 14 வீதம் நீர் இருக்கும். சூடு 180 பாகை செல்சியஸை அண்டும்போது அந்த நீர் ஆவியாகித் தோலை உடைத்துக்கொண்டு வெளியே வரும். உள்ளேயிருக்கும் மாப்பொருள் பஞ்சு மாதிரி விரியும். சாதாரணச் சோளனின் தோல் அந்த அமுக்கத்தைப் பிடித்து வைக்காது. பொப்கோர்ன் சோளன் என்றே கேட்டு வாங்க வேண்டும். அதுவும் அதிகம் காய்ந்துவிட்டால் பொரியாது. அப்படியானால் போத்தலில் போட்டு ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளித்துக் குலுக்கி, இரண்டு மூன்று நாள் மூடி வைத்துவிட்டுப் பொரியுங்கள்.

அடுத்த நாள் கல்முனையில் சரியான சோளன் வாங்கி வந்தோம். இப்போது நாங்கள் செய்கிற முறை இதுதான். ஆறு பேருக்குப் போதும்:

பொப்கோர்ன் சோளன் கால் கப், அதாவது ஏறத்தாழ 50 கிராம். தேங்காய் எண்ணெய் 2 தேக்கரண்டி. சீனி தலை தட்டிய ஒரு மேசைக்கரண்டி. கறுவாத்தூள் அரைத் தேக்கரண்டி. உப்பு ஒரு சிட்டிகை.

முதலில் சீனி, கறுவா, உப்பு மூன்றையும் கிரைண்டரில் மாவாக அரைத்து வையுங்கள். அடி கனமான பெரிய சட்டியில் எண்ணெயை ஊற்றி, மூன்று மணி சோளனைப் போட்டு மூடுங்கள். மூன்றும் வெடித்ததும் மிச்சத்தைப் போட்டு, மூடி, நடுத்தர நெருப்பில் வைத்து அடிக்கடி குலுக்குங்கள். மூடியைக் கொஞ்சம் நீக்கி வைத்தால் ஆவி வெளியேறும், பொரி மொறுமொறுப்பாக இருக்கும். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையில் இரண்டு எண்ணக்கூடிய இடைவெளி வந்தால் உடனே அடுப்பை அணையுங்கள். சூடு ஆறுவதற்கு முன் அரைத்த தூளைப் பரவலாகத் தூவி, திரும்பவும் மூடி நன்றாகக் குலுக்குங்கள். அவ்வளவுதான்.

சீனியை அரைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. கட்டியான சீனி சட்டியின் அடியில் போய்ச் சேரும். மாவானது ஒவ்வொரு பொரியிலும் ஒட்டும். நாக்கில் முதலில் படுவதும் அதுதான், அதனால் கொஞ்சமே இனிப்பாகத் தெரிகிறது. கறுவாவின் மணமும் உப்பும் அந்த இனிப்பை எடுத்துக் கொடுக்கின்றன.

மூத்தவனை உட்கார வைத்துக் கணக்கும் போட்டோம். வெறும் பொரி பெரிய குற்றவாளி இல்லை. எண்ணெய் இல்லாமல் பொரித்த ஒரு கப் 31 கலோரி அளவுதான், நார்ச்சத்தும் இருக்கிறது. நாம் அதன்மேல் கொட்டுவதில்தான் எல்லாம் ஏறுகிறது. அரைக் கப் சீனியும் 50 கிராம் பட்டரும் போட்டால் சீனியில் 400, பட்டரில் ஏறத்தாழ 360, சோளத்தில் 190, மொத்தம் 950 கலோரி. எங்கள் முறையில் சோளத்தில் 190, எண்ணெயில் 80, சீனியில் 50, மொத்தம் 320. மூன்றில் ஒரு பங்குதான். ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 50 கலோரிக்குச் சற்று மேல், சீனி இரண்டு கிராம், அதாவது அரைத் தேக்கரண்டி.

உணவில் சேர்க்கும் சீனியை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், ஏறத்தாழ ஆறு தேக்கரண்டிக்குள் வைத்திருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி வீதம் மூன்று தரம் குடித்தால் அந்தக் கணக்கு அதோடு முடிந்தது. பிஸ்கட், கேக், குளிர்பானம் எல்லாம் அதற்கு மேலே. மூத்தவன் கணக்கை முடித்துவிட்டு எங்கள் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தான். நாங்கள் ஒன்றும் பேசவில்லை. இப்போது எங்களுக்கும் ஒரு கரண்டிதான்.

இரண்டு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒன்று, இது சுகருக்கு மருந்தல்ல. சோளனும் மாப்பொருள்தான், அளவு கூடினால் சுகரும் கூடும். கிளினிக்கில் கேட்டோம். ஒரு கப் சாப்பிடலாம், அன்றைக்கு வேறொன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வாப்பா பின்னேரம் சாப்பிடும் பிஸ்கட்டை விட்டுவிட்டார். உங்கள் வீட்டில் சுகர்காரர் இருந்தால் நீங்களும் உங்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டே கொடுங்கள். இரண்டு, நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பொப்கோர்ன் கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும். பொரிக்கும்போதும் சின்னப் பிள்ளைகளைத் தள்ளி நிற்க வையுங்கள்.

இப்போது வியாழன் பின்னேரம் எங்கள் வீட்டில் பொரி நாள். வாப்பாவுக்கு ஒரு உத்தியோகம் இருக்கிறது. அடுப்புக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார். வெடிச் சத்தம் குறைந்ததும் "இறக்கு" என்பார். ஒரு விநாடி பிந்தினாலும் ஏச்சு எங்களுக்குத்தான். பிறகு ஆறு பேருக்கும் ஒரே மாதிரி ஆறு கப். வாப்பாவுக்கென்று தனிச் சாப்பாடு இல்லை. அவருக்கு ஏற்றதை எல்லோரும் சாப்பிடுகிறோம்.

வகுப்பிலும் ஒன்றை மாற்றிக்கொண்டோம். இடைவேளைக்குக் கலர் பக்கெட் கொண்டு வரும் பிள்ளையை எழுப்பி நிறுத்தி நாலு பேருக்கு முன்னால் கேட்பதில்லை. அதை வாங்கிக் கொடுத்தது பிள்ளை இல்லையே. பெற்றார் கூட்டத்தில் பெரியவர்களோடு கதைக்கிறோம். எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறோம். பக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள் என்கிறோம்.

வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்க எங்களுக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. ஒரு வியாழன் இரவு, பிள்ளைகள் கப்பை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு ஓடிய பிறகு குசினியில் வைத்துக் கேட்டோம். "அண்டைக்குப் பிள்ளையளுக்கு முன்னால அப்படிப் பேசியிருக்கக் கூடாது வாப்பா, மன்னிச்சுக்கங்க" என்றோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. சட்டியின் அடியில் பொரியாமல் கிடந்த மணிகளைப் பொறுக்கி ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"பொரி ஆறுது, போய்ச் சாப்பிடுங்க" என்றார். தன் கப்பை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனார். யானை வந்த கதையை முதலிலிருந்து தொடங்கினார்.

அல்ஹம்துலில்லாஹ். உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள், எப்படி வந்தது என்று சொல்லுங்கள். எங்கள் வாப்பாவின் ஆரோக்கியத்துக்காகத் துஆச் செய்யுங்கள்.