அம்மா எடுத்த வகுப்பு

புதுக்கடையில் யாருக்காவது நோய் முற்றிவிட்டால், 'மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போங்க' என்பார்கள். பெரிய டாக்டர்கள் இருப்பார்கள் என்ற நம்பிக்கை அதில் உண்டு; பிள்ளைகள் படித்துப் பழக நம் உடம்பைக் கொடுக்க வேண்டியிருக்குமே என்ற பயமும் உண்டு. அம்மாவுடன் அப்படியொரு வார்டில் பதினோரு நாள் இருந்தபோது, இரண்டும் நியாயந்தான் என்று கண்டுகொண்டேன்.

அம்மாவுக்கு இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருந்தது. சிறு பிராயத்தில் தொண்டைப் புண்ணுக்குப் பின் வந்த ஒரு காய்ச்சல் விட்டுச் சென்ற வடு என்றார்கள். இரண்டாம் நாள் காலையில் பேராசிரியர் வந்தார். பின்னால் எட்டு மாணவர்கள்.

"இவங்க கொஞ்சம் கேட்டுப் பார்க்கட்டுமா, அம்மா?" என்றார்.

நான் முந்திக்கொண்டு, "ராத்திரி முழுக்க மூச்சு முட்டி உறங்கல்ல" என்றேன். 'ஒன்னட்டயா கேட்டாரு?' என்பதுபோல அம்மா என்னைப் பார்த்தாள்.

அந்த வால்வின் ஒலி மிகவும் தணிந்தது. நேரே படுத்திருந்தால் எளிதில் அகப்படாது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இருதயம் மார்போடு ஒட்டி வரும், அப்போது கேட்கும். ஒவ்வொருவராக ஸ்தெதாஸ்கோப்பை வைத்தார்கள். கேட்கிறது என்று தலையாட்டினார்கள். அவர்களில் இரண்டு பேராவது பொய் சொல்லியிருப்பார்கள் என்பது என் அனுமானம். ஏழாவதாக வந்த பெண் மட்டும், "எனக்குக் கேக்கல்ல, ஸார்" என்றாள். முகம் வெளுத்துவிட்டது.

"கை தணுத்துக் கெடக்கு, மக்களே. பயப்படாத. நான் இன்னும் கொஞ்சம் சரிஞ்சு தாறேன், பொறவு கேளு" என்றாள் அம்மா.

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் கேட்டாள். பிறகு சிரித்தாள். மறுநாள் முதல், வெள்ளைக் கோட்டைத் தூரத்தில் கண்டாலே அம்மா தானாக இடப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

எங்கள் பக்கத்தில் இந்தப் பழக்கம் புதிதல்ல. நெய்யூர் ஆஸ்பத்திரி 1838-ல் தொடங்கியது. 1860-களிலேயே அங்கே டாக்டர் லோ உள்ளூர்ப் பையன்களுக்கு வைத்தியம் சொல்லிக் கொடுத்தார். 1922-லும் 1924-லும் எவரெஸ்டில் ஏறிய ஸாமர்வெல் அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் கத்தி பிடித்தார். மரச்சீனியைத் தின்று வாழ்ந்த ஜனங்களுக்குக் குடற்புண் ஏன் இத்தனை வருகிறது என்றும் யோசித்தார். பிற்பாடு வேலூருக்குப் போய் மாணவர்களுக்குக் கற்பித்தார். புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு கிருமிதான் காரணம் என்று ஆஸ்திரேலியாவில் இரண்டு டாக்டர்கள் 1980-களில்தான் கண்டு சொன்னார்கள். 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். கத்தியின் வேலையை இன்று பெரும்பாலும் மாத்திரை செய்துவிடுகிறது. என் தாத்தா வயிற்றிலும் நெய்யூர்த் தழும்பு ஒன்று இருந்தது. அப்படி எத்தனையோ வயிறுகளைப் பார்த்துத்தானே வைத்தியம் தன்னைத் திருத்திக்கொண்டது!

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன்? ஒரு ராத்திரி, ரத்தம் எடுக்க வந்த பயிற்சி டாக்டருக்கு இரண்டு தடவை நரம்பு அகப்படவில்லை. "தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க" என்று கத்திவிட்டேன். நமக்குக் கைதேர்ந்த டாக்டர் வேண்டும். அவர் கைதேருவது மட்டும் வேறு யாருடைய கையிலாவது நடக்கட்டும் என்கிறோம். அந்த வேறு யாரோ பெரும்பாலும் பணமில்லாதவர்கள். அதனால்தான், தொடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்ட அந்தப் பேராசிரியரை நான் மறப்பதில்லை.

அந்தப் பையன் போன பிறகு அம்மா வீங்கிய கையைத் தடவிக்கொண்டு சொன்னாள்: "நீ எழுதுன மொதக் கதைய நான்தான படிச்சேன். நல்லாவா இருந்துது?"

வீட்டுக்குப் புறப்படும் நாளில் அம்மா நர்ஸிடம் விசாரித்தாள்: "அந்தக் காது கேக்காத பிள்ள எங்க?"

வேறு வார்டுக்குப் போய்விட்டாளாம்.

"அவளுக்குத்தான் நல்லா கேட்டிருக்கும்" என்றாள் அம்மா.