முதல் பக்கத்தில் என் வாழ்த்துரை



இன்று ஒரு மன்னிப்பு கேட்க வேண்டியிருக்கிறது. அதோடு, இந்த வயதில் நான் கற்ற ஒரு பாடத்தையும் சொல்ல வேண்டும். இணையத்தில் கடை போட நினைக்கும் பிள்ளைகளுக்கு உதவும்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன் ஒருவன். பெயர் வேண்டாம் என்கிறான். வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறான். நம் ஊர் நிலவரம் உங்களுக்குத் தெரியும். பெங்களூராக் காய் கூழ் தொழிற்சாலைக்குப் போகும். அங்கே சொல்லும் விலைதான் விலை. பழுக்கும் காய் யாருக்காகவும் காத்திருக்காது. செந்தூரா, அல்போன்சா, பங்கனப்பள்ளியையாவது பெட்டி போட்டு ஓசூர், பெங்களூரு வீடுகளுக்கு நேரடியாக விற்கலாம் என்று போன வருடம் ஒரு இணையதளம் தொடங்கினான். அதற்காக மனைவியின் வளையல் அடகுக்குப் போனது எனக்குப் பிறகுதான் தெரியும்.

“சார், முதல் பக்கத்துக்கு நீங்கதான் எழுதித் தரணும்” என்றான். விடுவேனா? தோப்பின் வரலாறு, அவன் தாத்தா வெட்டிய கிணறு, முக்கனியின் பெருமை, கடைசியில் என் வாழ்த்துரை. கூடவே என் புகைப்படம். மேலே பெரிய பெரிய படங்கள் தானாக ஓடின. திறந்தவுடன் நாதசுரம் வேறு. அதுவும் என் யோசனைதான்.

மே மாதம் தளம் திறந்தது. பார்த்தவர்கள் பலர். வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஜூன் வந்ததும் பழத்தை மண்டிக்கே ஏற்றினான்.

என்ன குறை என்று புரியாமல், பெங்களூரில் இருக்கும் என் மருமகளை ஒரு பெட்டி வாங்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

“மாமா, விலை எங்க இருக்கு?”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானும் தேடினேன். என் படத்தையும் தாண்டி, கீழே கீழே போனால் இருந்தது. பெட்டிக்கு எத்தனை கிலோ, எந்த நாளில் வரும் என்பது எங்குமே இல்லை. அனுப்பும் செலவு, பணம் கட்டும் கடைசிப் படியில்தான் தெரிந்தது. “இங்க எல்லாரும் பாதாமின்னுதான் கேப்பாங்க மாமா, நீங்க அல்போன்சான்னு போட்டிருக்கீங்க” என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, “நீங்க எழுதினது நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் மாம்பழம் வாங்கத்தானே வந்தேன்?” என்றாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு இதைப்பற்றித் தேடிப் படித்தேன். ஜேக்கப் நீல்சன் என்ற ஆய்வாளரின் குழு, 232 பேர் இணையப் பக்கங்களைப் பார்க்கும்போது கண் எப்படி நகர்கிறது என்று பதிவுசெய்து 2006இல் வெளியிட்டது. மேல் வரியைப் படிக்கிறார்கள். சற்றுக் கீழே இன்னொரு வரியைப் பாதி படிக்கிறார்கள். பிறகு இடது ஓரமாகக் கண் கீழே இறங்கிவிடுகிறது. கரும்பலகையில் நாம் இதைத்தானே செய்தோம்? தலைப்பை மேலே பெரிதாக எழுதுவோம், பக்கத்தில் பூ வரைய மாட்டோம். வகுப்பில் தெரிந்தது, தளத்தில் மறந்துவிட்டது.

நம் தமிழர் ஒருவரின் கதையும் கண்ணில் பட்டது. 1990களின் கடைசியில் அமெரிக்காவில் மென்பொருள் வேலையில் இருந்த முருகவேல் ஜானகிராமன், அங்குள்ள தமிழர்களுக்காக ஒரு பொதுவான இணையதளம் நடத்தினார். பல பகுதிகளில் ஒன்றாக வரன் தேடும் பகுதியும் இருந்தது. மக்கள் அதற்குத்தான் அதிகம் வருகிறார்கள் என்று கவனித்து, அதையே தொழிலாக்கினார். அதுதான் பாரத் மேட்ரிமோனி. தன் மனைவியையும் அதன் வழியாகவே கண்டடைந்தார். 2017இல் அவர் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலானது. வருகிறவர் எதற்கு வருகிறார் என்று பார்த்தவர் அவர். நான், என்னிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று பார்த்தேன்.

இந்த வருடம் தளத்தை மாற்றினோம்:

1. திறந்ததும் ஒரு பெட்டியின் படம், கிலோ, விலை, வந்து சேரும் நாள். அனுப்பும் செலவும் அங்கேயே.
2. வாங்க ஒரே பொத்தான். பக்கத்தில் போன் எண்.
3. பெயர்கள் வாங்குகிறவர் வாயில் வரும்படி. அல்போன்சாவுக்குப் பக்கத்தில் பாதாமி. தமிழோடு கன்னடமும் ஆங்கிலமும்.
4. படங்களைச் சிறிதாக்கினோம். சிக்னல் குறைந்த இடத்திலும் செல்போனில் உடனே திறக்கிறது. நாதசுரம் இல்லை.
5. பழம் அடிபட்டு வந்தால் என்ன செய்வோம் என்று இரண்டு வரி. முகம் தெரியாதவரிடம் முன்பணம் கேட்கிறோம், நம்பிக்கையை நாம்தான் முதலில் தர வேண்டும்.

பெட்டிகள் போகத் தொடங்கியிருக்கின்றன. கடன் முழுதும் அடையவில்லை. ஆனால் வளையல் வீடு திரும்பிவிட்டது.

என் வாழ்த்துரையை எடுக்கச் சொன்னபோது அவன் தலைகுனிந்து, “எனக்கும் போன வருஷமே தோணுச்சு சார். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு...” என்றான்.

அதுதான் என்னை உறுத்துகிறது. மரியாதைக்காக ஒரு பருவத்தின் வருமானத்தை இழந்திருக்கிறான். தம்பி, என்னை மன்னித்துவிடு. மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: உங்கள் சார் சொல்வது தவறென்று பட்டால், தயங்காமல் சொல்லுங்கள். கைதூக்கிக் கேள்வி கேட்கத்தானே உங்களுக்குக் கற்றுக்கொடுத்தேன்?

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்